கஞ்சி கொண்டுவந்த அம்மா

இராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அப்பாவைச் சேர்த்திருந்தபோதுதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், கழுத்தில் செபமாலை. உள்ளங்கைகளை அடிக்கடி சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தார். கஞ்சித் தூக்குவாளியுடன் வார்டு வாசல் வரை வருவதும் திரும்பிப் போவதுமாக இருந்தவர், கடைசியில் என்னிடம் வந்தார்.

“தம்பி, உங்க பக்கத்துக் கட்டில்ல கெடக்குற டிரைவரு வேன் மோதித்தான் எம்மகன் செத்தான். அந்த ஆளுக்குத் துணைக்கு யாருமில்லைன்னாங்க. கஞ்சி குடுக்க வந்தேன். கொஞ்சம் எங்கூட வந்து நில்லுங்க.”

“அவரால எந்திரிக்கவே முடியாதும்மா. பயப்படாதீங்க.”

“அவருக்குப் பயப்படல தம்பி. என் கைக்குத்தான் பயப்படுறேன். கழுத்த நெரிச்சிருமோன்னு இருக்கு. செபம் பண்ணயில போ, போன்னு கேட்டுச்சு. சொன்னது ஆண்டவர்தானா, எம்புத்திதான் பெசகிப்போச்சான்னு தெரியல.”

கூடப் போய் நின்றேன். அம்மா கரண்டியால் ஊட்டினார். கஞ்சி கொஞ்சம் டிரைவரின் கழுத்தில் வழிந்தது. முந்தானையால் மெல்லத் துடைத்துவிட்டார்.

“நீங்க யாருத்தா?” என்று டிரைவர் கேட்டார்.

“தங்கச்சிமடத்துலருந்து வாரேன்” என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“இப்ப மனசு ஆறுச்சாம்மா?” என்று கேட்டேன்.

“இல்ல தம்பி, அப்படியேதான் எரியுது. நாளைக்கும் வரணும்.”

அன்று மாலையே அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். மறுநாள் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் யார் நின்றிருப்பார்கள் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.