மறுவீட்டுச் சொதி

மறுவீட்டு விருந்துக்குச் சொதி வைக்க, தென்காசிச் சொந்தக்காரர்கள் இராமலட்சுமியைத்தான் கூப்பிடுவார்கள். தேங்காயின் மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, இரண்டாம் பாலைச் சேர்த்து, கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்குமுன் இறக்க வேண்டும். வரிசை மாறினால் திரிந்துவிடும்.

அறுபது வயதில் அவளுக்கு மறதி தொடங்கியது. பெரிதாக இல்லை. விளக்கேற்றிவிட்டுத் தீப்பெட்டியைத் தேடுவாள். கடைவாசலில் நின்று, "நான் வழக்கமா என்ன வாங்குவேன்?" என்று கடைக்காரர் பரீதிடமே கேட்டுச் சமாளிப்பாள். சமையல், கோயில் எல்லாம் நடந்தன. நேரம்தான் கூடுதலாகப் பிடித்தது. சொதிக்கு அவளே ஓர் ஏற்பாடு செய்திருந்தாள்: மூன்றாம் பால் மண்சட்டியில், இரண்டாவது பித்தளைத் தவலையில், முதல் பால் வெண்கல உருளியில். பாத்திரத்தைப் பார்த்தால் போதும், கை தானாகப் போகும். மகன் நாறும்பூநாதனிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

அவன் ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டர். 1937இல் தங்கை சண்முகசுந்தரியின் கல்யாணத்துக்கு ஒரே அளவில், ஒரே மாதிரி மூடிகளோடு மூன்று அலுமினியப் பாத்திரங்கள் வாங்கிவந்தான். சம்பந்தி வீட்டார் முன் மண்சட்டி நன்றாயிராது என்று, மறுவீட்டன்று பாலை அவனே மாற்றி ஊற்றினான்.

"எம் பாத்திரமே இருக்கட்டுமேய்யா" என்றாள். அவன் கேட்கவில்லை.

அவள் மூடிகளைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பந்தி உட்கார்ந்தாயிற்று என்று அவன் வாசற்படியில் நின்று அவசரப்படுத்தினான். அவள் ஒன்றை எடுத்து ஊற்றினாள். சொதி திரிந்தது.

மாப்பிள்ளையின் அப்பா குத்தாலிங்கம் பிள்ளை, அம்மாவுக்கு முடியவில்லையா என்று மெல்லக் கேட்டார். காரணம் நாறும்பூநாதனுக்கு அந்தக் கணமே தெரிந்தது.

"வயசாயிட்டு மாமா. ஒண்ணும் நெனப்பு இருக்க மாட்டேங்கு. இனி அடுப்புகிட்ட விடமாட்டோம்."

அவள் அவனை ஒருமுறை பார்த்தாள்.

மறுவாரமே சமையலுக்கு ஆள் வைத்தான். அவள் பிறகு கடைக்குப் போகவில்லை. சொந்தக்காரர்களும் கூப்பிடவில்லை. தண்ணீர் மொள்ளக்கூட, "தொடலாமாய்யா?" என்று கேட்டாள். அவன் லீவில் வரும்போதெல்லாம் உண்மையைச் சொல்ல நினைப்பான், ரயிலேறிவிடுவான். இரண்டு வருஷத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

குற்றாலத்தில் அஸ்தி கரைத்துவிட்டுக் கரையேறியபோது, அவளுக்கு நினைவு தப்பியது சொதி திரிந்த அன்றே தனக்குத் தெரிந்துவிட்டது, பாவம் என்றார் குத்தாலிங்கம் பிள்ளை.

"தப்பு அம்மை மேல இல்ல மாமா. அவ பாத்திரத்த மாத்தினவன் நான். தெரிஞ்சேதான் பழிய அவ மேல போட்டேன்."

அவர் அவன் தோளைத் தட்டி, கூட நின்றவர்களிடம் சொன்னார்: "பாத்தியளா? செத்த பொறவும் அம்மைய விட்டுக்குடுக்கானா பாருங்க."

அவன் முதலிலிருந்து மறுபடி சொன்னான். அவர் தலையாட்டிக்கொண்டே ஈர வேட்டியைப் பிழிந்தார்.