பன்னிரண்டு குவியல்

கடைசி நாள் எங்கள் மேசையில் இருந்தவர்கள்: ஆலங்குளம் சிமெண்ட் ஆலை ஃபிட்டரின் மகன். ஸ்ரீவில்லிபுத்தூர் போலீஸ்காரரின் மகள். கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ் ஓட்டுகிறவரின் மகன். நான். மேசைகளுக்கு நடுவே டீச்சர் நடந்துகொண்டிருந்தார்.

பத்தாவது எழுதியவர்களுக்கான கோடை வகுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினைந்து நாள் நடந்தது. நான் ராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வந்தேன். பத்து மேசை, மேசைக்கு நான்கு பேர். தினம் ஒரு வேலை கொடுப்பார்கள். பேப்பரில் பாலம் கட்டினோம். கண்மாய்த் தண்ணீரை மணல் போட்டு வடிகட்டினோம். எல்லாவற்றுக்கும் மேசைக்குச் சேர்த்துத்தான் மார்க். முதல் மூன்று மேசைக்காரர்களை ஹாஸ்டலில் வைத்துப் பன்னிரண்டாவது வரை படிக்க வைப்பார்கள்.

மற்ற மூன்று பேருக்கும் வேறு பள்ளியில் இடம் இருந்தது. எனக்கு இது ஒன்றுதான். அப்பா மில்லில் விழுந்து இடுப்பு போய்ப் படுத்திருந்தார். அம்மா பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிறாள். முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"பேரு வந்தா படி. வரலைன்னா வகுப்பு முடிஞ்ச திங்கக்கெழமை எங்கூட வந்துரு. சூப்பர்வைசர்ட்ட சொல்லி வச்சிட்டேன்."

சரி என்றேன்.

பதினான்கு நாள் முடிந்தபோது எங்கள் மேசை மூன்றாவது. நான்காவது மேசை இரண்டு மார்க்தான் பின்னால்.

கடைசி வேலைக்கு மேசைக்கு ஒரு டப்பா புளியங்கொட்டை கொடுத்தார்கள். டம்ளரால் அளந்து முதலில் உத்தேசமாகச் சொல்ல வேண்டும். பிறகு அரை மணி நேரத்தில் எண்ணி எழுதிக் கொடுக்க வேண்டும். டீச்சர்கள் முந்தின நாளே எண்ணி வைத்திருந்தார்கள். ஒன்று தப்பினாலும் மார்க் கிடையாது.

ஃபிட்டர் மகன் அறுபது வரை எண்ணி இரண்டு தடவை எண்ணிக்கையை விட்டுவிட்டான். நான் டப்பாவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

ஐந்தைந்தாகத் தள்ளினேன். நூறுக்கு ஒரு குவியல்.

"யாத்தே, எம்புட்டு வேகம்! கையில மெசின் வச்சிருக்கியா?" என்றான் பஸ்காரர் மகன்.

"ஏலே, பேசாத. எண்ணிக்கை போயிரும்" என்றாள் போலீஸ்காரர் மகள்.

"ஒங்கப்பா மாதிரியே மெரட்டுத."

"நீ ஒங்கப்பா மாதிரி ஆரன் அடிக்காம இரு."

பன்னிரண்டு குவியல். மிச்சம் முப்பத்தாறு. ஆயிரத்து இருநூற்று முப்பத்தாறு என்று எழுதினேன். இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"ஏட்டி, இன்னொரு தடவ எண்ணிருவமா?" என்று கேட்டாள் போலீஸ்காரர் மகள்.

"வேண்டாம். என் கணக்கு தப்பாது."

அந்தப் பதினைந்து நாளில் நான் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

டீச்சர் தாளைப் பார்த்தார். தன் நோட்டைப் பார்த்தார். "பன்னெண்டு கொறையுதேம்மா" என்றார். ஒரு குவியலை எண்ணினார். நூற்றியொன்று. அடுத்ததை எண்ணினார். அதுவும் அப்படியே.

"எல்லாத்துலயும் ஒண்ணு கூட இருக்கு. எப்படிம்மா ஒண்ணு போல தப்பும்?"

எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா சாயங்காலம் வீட்டுக்கும் பேண்டேஜ் துணி கொண்டுவருவாள். எட்டாவதிலிருந்து நானும் உட்கார்ந்து மடிப்பேன். நூறு மடிப்பு ஒரு கட்டு. நடுவில் ஒன்று நூல் பிரிந்திருந்தால் வாங்குகிறவர்கள் கட்டையே திருப்பிவிடுவார்கள். அதனால் நூறு எண்ணி ஒன்றை மேலே போடுவோம். அந்த ஒன்றை யாரும் எண்ண மாட்டோம். கை தானாகப் போடும். புளியங்கொட்டைக்கும் போட்டிருக்கிறது.

"டீச்சர், கொட்டை அம்புட்டும் மேசையிலதான் இருக்கு. குவியலுக்கு ஒண்ணு கூட்டிக்கிடுங்க."

"எழுதிக் குடுத்தாச்சேம்மா. மத்த மேசைக்கு நான் என்ன சொல்ல?"

"திங்கக்கெழமை கம்பெனிக்குப் போகணும் டீச்சர்."

அவர் பேனாவை மூடினார். அடுத்த மேசைக்குப் போனார்.

நான்காவது மேசைக்காரர்கள் சரியாக எழுதியிருந்தார்கள். போர்டில் பேர் எழுதினார்கள். நான் கடைசிப் பேர் வரை நின்று பார்த்தேன். போலீஸ்காரர் மகள், "நான் கேட்டேன்ல" என்றாள். பஸ்காரர் மகன் கொட்டைகளை டப்பாவில் அள்ளிப் போட்டான். குவியல் எல்லாம் ஒன்றாகிவிட்டது.

வீட்டில் அம்மா கேட்டாள். "என்னாச்சு?"

"வரல."

"சாப்பிடு."

எப்படி என்று அவள் கேட்கவில்லை. நான் இன்றுவரை சொல்லவில்லை.

திங்கட்கிழமை கம்பெனியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். முதல் கட்டை எண்ணிக் கட்டினேன். சூப்பர்வைசர் அதைப் பிரித்து, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். சரி என்று தலையை ஆட்டினார்.

நூற்றியொன்று.