வியாழனின் நிலாவும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளும்

எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். காலைப் பூசை முடிந்ததும் ஆண்கள் வள்ளங்களின் நிழலில் சீட்டாட உட்கார்ந்துவிடுவார்கள். என் கணவரும் அப்படித்தான் இருந்தார். சுனாமி வந்து இரண்டு வருடம் கழித்து, அவருக்கு ஞாயிறுதோறும் கோட்டாறு டவுனில் ஏதோ வேலை முளைத்தது.

வேலையாம்! பவுடர் பூசி, இஸ்திரி போட்ட சட்டையில் பஸ் ஏறுகிறவருக்கு என்ன வேலை? கேட்டால், "சும்மா ஒரு காரியம்" என்பார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். புருஷன் சட்டையை மோந்து பார்க்கும் பெண்களைக் கண்டால் எனக்கு இளக்காரம். கடைசியில் நானும் மோந்தேன். எங்கள் வீட்டுப் பவுடர்தான் மணத்தது. அதற்காகச் சந்தேகம் போய்விடுமா?

ஒரு ஞாயிறு, அதே பஸ்ஸில் முன்பக்கம் முக்காடு போட்டு உட்கார்ந்து போனேன். அவர் ஒரு பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தார். பின்னால் போய் நின்றேன். கம்ப்யூட்டரில் மஞ்சளாக, அங்கங்கே கறுத்துச் சிவந்து, சீழ்பிடித்த புண்போல ஓர் உருண்டை.

"இது என்ன சீக்கு? எவகிட்டேருந்து வாங்கினீங்க?"

அவர் பதறி எழுந்தார். "சத்தம் போடாதட்டி. இது நிலாவாக்கும். வியாழன் கிரகத்துக்க நிலா."

வியாழன் ஒரு பக்கமும் கூட்டாளி நிலாக்கள் மறுபக்கமும் இழுக்க, அந்த நிலாவின் பாறையே கடல்போல ஏறி இறங்குமாம். அந்தச் சூட்டில் ஊரெல்லாம் எரிமலையாம். மேசையில் அவர் அதிலிருந்து அச்செடுத்த கதை ஒன்றும் கிடந்தது. அந்த நிலாவில் குடியிருப்பவர்களுக்கு, எரிமலை வெடிக்குமுன் அபாயச் சங்கு ஊதுகிறது. எல்லோரும் ஓடித் தப்பிக்கிறார்கள்.

"இதுல பொண்டாட்டிக்கு மறைக்க என்ன இருக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சுனாமி வந்த அண்ணைக்கு பௌர்ணமியில்லியா? நம்ம நிலாவும் அப்படித் தரையை இழுத்துக் குலுக்கியிருக்குமோன்னு பாத்தேன். அதுக்கு அவ்வளவு பெலன் இல்லியாம்."

அன்றும் ஞாயிறுதான். எங்கள் மகள் போனது அன்றுதான். "அப்பாவைச் சாப்பிடக் கூட்டிட்டு வா மக்கா" என்று அவளைக் கரைக்கு அனுப்பியது நான். அவர் வேறு சந்து வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். அதைப்பற்றி இத்தனை நாளும் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மனதுக்குள் என்னைத்தான் குற்றம் சொல்கிறார், ஒருநாள் விட்டுப் போய்விடுவார் என்று பயந்தே நான் அவரைக் கண்காணித்துக்கொண்டிருந்தேன்.

"நிலா இல்லேன்னா பின்ன யாரு?" என்று கேட்டேன்.

அவர் கம்ப்யூட்டரை அணைத்தார்.

"நீயில்லட்டி" என்றார்.