பொத்தல் நகர்ந்தது, கறுப்பு நகரவில்லை

என் அக்காவின் கணவரை எங்கள் லேத் பட்டறையில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வெர்னியர் என்றால்தான் தெரியும். நூலிழை வித்தியாசத்தையும் காட்டிக்கொடுக்கும் அந்த அளவுகோல் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். குளிக்கும்போதாவது கீழே வைப்பாரா என்று அக்காவிடம் கேட்டுக் கிண்டல் செய்வேன். நான் கடைந்து முடித்த தண்டை வாங்கி, வலது கட்டைவிரலால் வெர்னியரின் சக்கரத்தை உருட்டிப் பார்த்துவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்வார்: “கூட இருக்கு. மறுபடி ஓட்டு.” பதினோரு வருடமாக அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கட்டைவிரல் நகத்தில்தான் கறுப்புக் கோடு விழுந்தது. அடியிலிருந்து நுனிவரை, பென்சிலால் இழுத்த மாதிரி. பட்டறையில் கறுத்த நகம் ஒரு விஷயமா? இரும்பு விழாத விரல் எங்களில் யாருக்கும் கிடையாது. ரத்தம் கட்டினால் குண்டூசியை நெருப்பில் பழுக்கக் காட்டி நகத்தில் ஒரு பொத்தல் போடுவோம். கட்டிய ரத்தம் வெளியே வந்ததும் வலி போய்விடும். அந்தக் கைவைத்தியத்தில் நான்தான் பெரிய கை. மாமாவுக்கு வலியே இல்லை, எப்போது அடிபட்டது என்ற நினைவும் இல்லை. அதையெல்லாம் யார் யோசித்தது? நகத்தின் அடியோரமாகக் குத்தினேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. உள்ளேயே காய்ந்துவிட்டது என்று நான் மேதாவி மாதிரி சொன்னேன், அவரும் தலையாட்டினார். ஆனால் பழக்க தோஷம் விடுமா, பொத்தலின் இடத்தையும் கோட்டின் அகலத்தையும் அளந்து காலண்டரில் குறித்துவைத்தார்.

இரண்டு மாதம் கழித்து, நகத்தின் அடியில் தோலும் கறுத்திருப்பதைப் பார்த்தது அக்காதான். கிரீஸ் என்று நினைத்து மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்திருக்கிறாள். போகவில்லை. மாமா காலண்டரைப் புரட்டி, மறுபடி அளந்தார். பொத்தல் ஆறு மில்லிமீட்டர் மேலே போயிருந்தது. கோடு மட்டும் அடியிலிருந்தே கிளம்பி, இரண்டு மில்லிமீட்டராக இருந்தது மூன்றரை ஆகியிருந்தது.

“நகம் வளருது, பொத்தலும் அதோட போகுது. இது போகல மாப்ள. அப்போ இது அடிபட்ட ரத்தம் இல்ல.”

மறுநாள் காலையிலேயே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

தோல் மருத்துவர் அம்மா கோட்டைப் பார்த்த பார்வையிலேயே பாதி புரிந்துவிட்டது. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் கெட்டுப்போனால் மெலனோமா என்ற புற்றுநோய் வரும் என்றும், அதில் அபூர்வமான ஒரு வகை வெயிலுக்குச் சம்பந்தமில்லாமல் நகத்தடியிலும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் முளைக்கும் என்றும் சொன்னார். கைவேலைக்காரர்கள் அடிபட்டது என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுவார்களாம். ஊசி வைத்தது யார் என்று கேட்டு என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். நகத்தடியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஆழமாகப் போயிருந்தால் விரலை மூட்டோடு எடுக்க வேண்டும். அதற்கு மேலும் பரவியிருக்கலாம். முடிவு வரப் பத்து நாள்.

அந்தப் பத்து நாளும் மாமா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இடது கையால் வெர்னியரை உருட்டிப் பழகினார். அது அவர் கைக்கு வசப்படவில்லை. அவர் தடுமாறியதை அக்கா ஒரு தடவை பார்த்தாள், அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. இரண்டு மாதத்தை வீணாக்கியவன் நான்தானே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதை அக்காவிடம் சொல்லியும்விட்டேன்.

அவள் என்னை முறைத்தாள். “நீ அந்தப் பொத்தல் போடலன்னா இவர் எதை வச்சு அளந்திருப்பாரு? போய்ச் சாப்பிடு.”

பதினோராம் நாள் மருத்துவர் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “மேல்தோலைத் தாண்டல. நகத்தையும் சுத்தியிருக்கிற தோலையும் எடுத்துட்டு, வேற இடத்துத் தோலை வச்சுத் தைச்சிடலாம். விரல் இருக்கும்.”

அக்கா அப்படியே நாற்காலியில் சரிந்து, சிரிப்பும் அழுகையுமாக முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனை மில்லிமீட்டர் சுற்றி எடுப்பீர்கள் என்று மாமா கேட்டார். ஐந்து என்றார் மருத்துவர். அடுத்தவர் சொன்ன அளவை மாமா சரிபார்க்காமல் ஒப்புக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

அறுவை சிகிச்சை முடிந்து, தையல் ஆறி, இரண்டரை மாதத்தில் பட்டறைக்கு வந்தார். நகமில்லாத விரல் குழந்தையின் கன்னம் போல வழவழப்பாக இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். நான் கடைந்து வைத்திருந்த தண்டை எடுத்தார். கட்டைவிரலைச் சக்கரத்தில் வைத்தார். விரல் ஒருமுறை வழுக்கியது. மறுபடி வைத்து மெதுவாக உருட்டினார்.

“கூட இருக்கு. மறுபடி ஓட்டு.”

சரி மாமா என்று தண்டை வாங்கிக்கொண்டேன். லேத்துக்குப் போகவில்லை, நேரே குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன்.