பேத்தி பிறந்த நேரமும் ஏழாம் நம்பர் சீட்டும்

“எல்லாம் என் பேத்தி பொறந்த நேரம்! வேற இன்னா?”

டீக்கடையில் யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். ஒரு வாரமாக எங்கள் ஊர் வல்லம் வடகாலில் எதிர்ப்படும் எல்லோரிடமும் இதே பேச்சு. மாப்பிள்ளை தளவாய் மட்டும் ஒத்துக்கொள்வதில்லை.

அவர் சங்கரன்கோவில் பக்கத்து ஆள். இங்கே கார் கதவுக்கு உள்பலகை செய்யும் கம்பெனியில் நாலு வருடமாகக் காண்ட்ராக்ட் வேலை. லைனில் அவருக்கென்று ஓர் இடம் கிடையாது. யாராவது பாத்ரூம் போனால் அவர்கள் இடத்தில் போய் நிற்க வேண்டும். “ஊருக்கே ஒண்ணுக்கு வந்தா ஓடுற ஆளு” என்று என் மகள் காவேரி கிண்டல் செய்வாள்.

போன வாரம் எட்டுப் பேருக்குப் பரீட்சை. மூன்று பேர் மட்டும் பர்மனென்ட். மற்றவர்களுக்கு அன்றோடு வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் காவேரியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் அண்ணன் கடையில் உட்காருவதாக மாப்பிள்ளை முடிவு செய்திருந்தார். பேத்தி பிறந்து இரண்டே நாள்.

ஹெல்மெட்டுக்குள் எட்டுச் சீட்டு. எந்த நம்பர் வருகிறதோ அந்த இடத்தில் நின்று இருபது நிமிடத்தில் பத்துப் பலகை முடிக்க வேண்டும். ஒன்றுகூடக் கழிந்து போகக் கூடாது.

“உங்களுக்கு இன்னா பயம் மாப்ள? எல்லா எடத்துலயும் நின்னுகீறீங்களே?” என்று முதல் நாள் ராத்திரி கேட்டேன்.

“ஏழாம் நம்பர் மட்டும் வரக் கூடாது மாமா. அது ராஜசேகர் அண்ணன் இடம். அந்த மனுசன் பாத்ரூமே போவ மாட்டாரு. ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை போறேன்னு லீவு போட்டாரு, அன்னைக்கு ஒரு நாள்தான் நின்னேன். பதினோரு பலகை கழிஞ்சு செவப்புத் தொட்டிக்குப் போச்சு. சூப்பர்வைசர் கிழிச்சுட்டாரு.”

பரீட்சையன்று போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். காலை பத்து மணிக்கு உள்ளே போனவரிடமிருந்து தகவல் இல்லை. “யப்பா, போனையே பாத்துகினு கீற! புள்ளைய கீழ போட்டுறப் போற” என்று காவேரி கத்தினாள். அவளும் சாப்பிடவில்லை.

சாயங்காலம் வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“இன்னா நம்பர்?”

“ஏழு.”

காவேரி சுவரில் சாய்ந்துவிட்டாள்.

ஏழாம் இடத்தில் பலகையின் பின்னால் ஒன்பது கிளிப் அழுத்த வேண்டுமாம். கொஞ்சம் சாய்த்து அழுத்தினால் வெளியே தெரியாது, உள்ளே உடைந்திருக்கும். கிருத்திகையன்று டீ குடிக்கப் போகாமல், கழிந்த பதினொன்றையும் பிரித்து எது எப்படி உடைந்தது என்று பார்த்திருக்கிறார். பரீட்சையில் நாலாவது பலகையில் ஒரு கிளிப் கட்டைவிரலுக்குச் சரியாகப் படவில்லை. நேரம் ஓடுகிறது. அப்படியே விடுவதா, கழற்றுவதா? கழற்றினார். உடைந்திருந்தது. வேறு போட்டார். பத்தாவதை வைக்கும்போது மணி அடித்துவிட்டது.

“மணி அடிக்கதுக்கு முன்னால வச்சானா, அடிச்ச பொறவு வச்சானான்னு ரெண்டு சூப்பர்வைசரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தாக மாமா.”

“அப்புறம்?”

“போர்டுல மூணாவது பேரு என் பேரு.”

நான் பேத்தியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டேன்.

இன்று காலையும் அவளை மடியில் வைத்துக்கொண்டு, “உன் அதிர்ஷ்டம்டி, உங்கப்பனுக்கு வேலை கெடச்சிது” என்று கொஞ்சினேன். ஷூ மாட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை நிமிர்ந்தார்.

“ஒம்போது நாள் பிள்ள தலையில எதுக்கு மாமா இத ஏத்துதீய? நாளைக்கு இந்த வேல போச்சுன்னா, அதுக்கும் அவளத்தான் சொல்லுவீயளா?”