களத்தில் கொதித்த ரேடியேட்டர்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் மூத்த சகோதரியின் கணவர் சவூதியிலிருந்து கல்முனைக்குத் திரும்பி வந்தார். பாலைவனத்தில் ஒரு சிறிய ஓடுபாதையை ஒட்டிய கராஜில் நான்கு வருடம் சிறு விமானங்களின் எஞ்சின் பார்த்தவர் அவர். அவற்றில் பெரும்பாலானவை காற்றிலேயே ஆறும் எஞ்சின்கள். ஒன்றில் மட்டும் காரில் இருப்பது போல ரேடியேட்டரும் தண்ணீரும் இருந்தன. அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் மச்சானின் தேநீர் ஆறிப்போகும்.

அந்தப் போகம் வரிப்பத்தான்சேனையில் எனக்கு இரண்டு ஏக்கர் வெள்ளாமை. வெட்டிய கதிர் முழுவதும் களத்தில் பரப்பிக் கிடந்தது. உழவு மெஷின் என்று நாங்கள் சொல்லும் ட்ராக்டர் அதன்மேல் சுற்றிச் சுற்றி மிதித்துக்கொண்டிருந்தது. பிற்பகல் அசர் தொழுகைக்குச் சற்று முன் கடல் பக்கம் கறுத்தது. பாதிக் கதிர்தான் மிதிபட்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறியது.

மிதிக்கத் தொடங்கிய களத்தை இடையில் நிறுத்துவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நிறுத்தினால் விளைச்சல் குறையும் என்பார்கள். அதனால் மெஷின் கொதித்தால் வாய்க்கால் தண்ணீரை அள்ளி ஊற்றிவிட்டு ஓட்டுவார்கள். முந்தின போகம் பக்கத்து வயலில் அப்படி ஊற்றித்தான் ஒரு எஞ்சின் வெடித்துப் பிளந்தது.

ட்ரைவர் வாளியோடு ஓடி வந்தார். மச்சான் குறுக்கே நின்றார்.

"ஊத்தாத. எஞ்சினயும் நிப்பாட்டாத. மெல்ல ஓடட்டும்."

"காக்கா, இது பறக்கிற மெஷின் இல்ல, உழுகிற மெஷின்!" என்றார் ட்ரைவர். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"வெக்கை ரெண்டுக்கும் ஒண்டுதான். பிளேன் இறங்கக்குள்ளயும் எஞ்சின் வேகத்தக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைப்பாங்க. திடீரெண்டு குளிர்ந்தா இரும்பு வெடிச்சிரும்."

"மச்சான், மழை வருது," என்றேன்.

"ஓம், எனக்கும் கண் இரிக்கி."

அவர் முன்பக்கத் தகட்டைக் கழற்றினார். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே பதரும் வைக்கோல் தூசும் பாய் போல அப்பியிருந்தன. நாங்கள் எல்லோரும் தண்ணீரையே யோசித்தோம். காற்றுப் போகும் வழியை எவரும் பார்க்கவில்லை. மச்சான் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு உருவி, குந்தியிருந்து, வரிவரியாகக் கிளறினார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் ஒரு தடவையும் நிமிரவில்லை.

கொதிக்கும் சத்தம் அடங்கியதும் சாக்கைப் போட்டு மூடியைத் திறந்தார். தேநீருக்காக அடுப்பில் இருந்த கேத்தலைக் கேட்டார்.

"சீனியும் போடவா காக்கா?" என்றார் ட்ரைவர்.

"ஒனக்கு வேணுமெண்டா போடு. மெஷினுக்கு வெறும் சுடுதண்ணி காணும்."

கேத்தல் தண்ணீரை நூல் போல ஊற்றினார். மெஷின் மறுபடி சுற்றத் தொடங்கியது. ஆவி வரவில்லை.

கடைசிக் கதிரும் மிதிபட்ட பிறகுதான் முதல் துளி விழுந்தது. நெல்லைக் குவித்து, தார்ப்பாய்ப் படங்கை மேலே இழுத்துக் கட்டினோம். ஒரு ஓரம் நனைந்தது. அதை அடுத்த இரண்டு நாளும் வெயிலில் காயவைத்தேன்.

ட்ரைவர் எஞ்சினை நிறுத்தக் கை நீட்டினார். மச்சான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் மெல்ல ஓடி ஆறும் வரை மூன்று பேரும் மழையில் நின்றோம்.