பிறை தெரிந்த அன்று வைத்த கூண்டு

வசந்த காலத்தில் பூனைக்குக் கூண்டு வைப்பவன் முதலில் குட்டிகள் எங்கே என்று பார்க்க வேண்டும். வைத்த கூண்டைக் காலையும் மாலையும் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். இதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. எங்கள் மேனேஜரிடம் இரண்டு பட்டங்கள் இருந்தன.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஷார்ஜா தொழில்பேட்டையில் வாகன உதிரிபாகக் குடோன் ஒன்றில் நான் ஸ்டோர் பொறுப்பாளர். குடோனை ஒட்டிய சிறிய ஆபீசின் ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒரு சாம்பல் பூனை குடியேறியிருந்தது. சில நாட்களாக மேலேயிருந்து மெல்லிய கீச்சுக் குரல்கள். மேனேஜருக்கு அது எலிச் சத்தம்போல் கேட்டதாம். பூனையின் மடி தொங்குவதை நான் பார்த்திருந்தேன்.

"குட்டி போட்டிருக்கு சார். நடக்கிற அளவு வளரட்டும். அதுவே கூட்டிக்கிட்டுப் போயிடும். பிறகு சீலிங் ஓட்டையை அடைச்சிடலாம்" என்றேன்.

"முதலாளி வர்றப்ப தலைக்கு மேல பூனை கத்தணுமா? நீங்க ஸ்டோரைப் பாருங்க சார், போதும்."

பக்கத்து வெல்டிங் கடையில் கூண்டு செய்து வந்தது. நோன்பு மாதத்தின் கடைசி. மதியம் ஆபீசைப் பூட்டும் முன் மேனேஜர், பூனை இறங்கி வரும் டீ போடும் அறையான பேன்ட்ரியில் கூண்டை வைத்து, உள்ளே ஒரு மத்தி டின்னைத் திறந்து வைத்தார். பூனையைக் கொண்டுபோக மறுநாள் காலை ஆள் வருவானாம்.

"இன்னிக்குப் பிறை தெரிஞ்சா நாளைக்குப் பெருநாள் சார். ஒருத்தனும் வரமாட்டான்" என்றேன்.

"தெரியாது. கணக்குப் போட்டுப் பார்த்தாச்சு. நாளைக்கு முப்பதாவது நோன்பு. ஆபீஸ் உண்டு."

பிறை அவருடைய கணக்கைக் கேட்கவில்லை. அன்று மாலையே டிவியில் அறிவித்துவிட்டார்கள். தெருவெல்லாம் வாழ்த்துச் சத்தம், மூன்று நாள் விடுமுறை. ஆபீஸ் சாவி மேனேஜர் பாக்கெட்டில். அவர் வீட்டுக்குப் போன் அடித்தேன். யாரும் எடுக்கவில்லை.

பெருநாள் காலை குடோனுக்குப் போனேன். வாட்ச்மேன் கீழக்கரைக்காரர். தொழுகை முடித்து, வெள்ளை ஜிப்பாவில் அத்தர் மணக்க நின்றார். பெருநாள் வாழ்த்தைக்கூட அவர் முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை.

"ராத்திரி பூரா கத்துது சார். கீழ ஒண்ணு, மேல ஒரு கூட்டம். ஒரு வாய் சோறு இறங்கல."

தெருமுனைக் கார்டு போனிலிருந்து மறுபடியும் மேனேஜரை அழைத்தேன். இந்த முறை எடுத்தார்.

"என்ன சார், நல்ல நாளும் அதுவுமா பூனைப் பஞ்சாயத்தா? நான் அல் ஐன் கிளம்பிட்டிருக்கேன். மூணு நாள்ல திறக்கப் போறோம். அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"கூண்டுல தண்ணி இல்ல சார். குட்டிக்குப் பாலும் இல்ல."

போனை வைத்துவிட்டார்.

பேன்ட்ரி சுவரில் ஒரு விண்டோ ஏசி இருந்தது. வெளியே மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, சட்டத்தின் திருகுகளைக் கழற்றினால் பெட்டி வந்துவிடும். வாட்ச்மேன் தயங்கினார்.

"வேலை போயிடும் சார்."

"கழட்டுனது நான். நீங்க பிடிச்சுக்கிட்டீங்க, அவ்வளவுதான். யாராவது கேட்டா என் பேரைச் சொல்லுங்க பாய்."

"பேரைச் சொன்னா உங்களையும் சேர்த்துல்ல அனுப்புவான்" என்றபடியே ஜிப்பாவைக் கழற்றி மடித்து வைத்தார்.

ஏசியை இறக்கி, அந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைந்தேன். கம்பியை மோதி மோதி பூனையின் மூக்கு கிழிந்திருந்தது. மத்தியை அது தொடவே இல்லை. கூண்டின் கதவைத் தூக்கியதும் என்னைத் தாண்டி ஃப்ரிட்ஜ் மேல் பாய்ந்து, அங்கிருந்து சீலிங் இடைவெளிக்குள் மறைந்தது. மேலே குரல்கள் எழும்பி, சிறிது நேரத்தில் அடங்கின.

கொஞ்சம் பொறுத்து, ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு இறங்கி, ஏசி ஓட்டை வழியாக வெளியே போனது. திரும்பி வந்து இன்னொன்று. பிறகு மற்றொன்று. கடைசியாக மேலே போனது வெறும் வாயோடு இறங்கியது. நான் நாற்காலி போட்டு ஒரு பலகையைத் தள்ளிப் பார்த்தேன். ஒரு குட்டி விறைத்துக் கிடந்தது, நாக்கு வெளியே. அதைச் சுற்றி நக்கிய ஈரம் காயாமல் இருந்தது. செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தேன். வாட்ச்மேன் சுவரோரமாக மணலில் குழி தோண்டினார்.

விடுமுறை முடிந்ததும் மேனேஜரிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சீலிங்கை அண்ணாந்து பார்த்தார்.

"சத்தம் நின்னுடுச்சுல்ல? அப்போ கூண்டு வேலை செஞ்சிருக்கு."

இத்தனை வருடம் கழித்தும் அந்த வாக்கியத்தை நினைத்தால் என் பல் கடிபடுகிறது. முதலாளியிடமும் அதையேதான் ஆங்கிலத்தில் சொன்னார். பாராட்டும் வாங்கினார்.

கூண்டை நான் ஸ்டோருக்குள் கொண்டுபோய் கம்பெனிச் சொத்தாகப் பதிந்துகொண்டேன். அடுத்த மார்ச்சில், லேபர் கேம்ப் சமையலறைக்கு அது வேண்டும் என்று மேனேஜர் வந்து நின்றார்.

"முதலாளி கையெழுத்து வேணும் சார். சொத்து வெளிய போகணும்னா அதுதான் ரூல். நீங்க போட்டதுதான்."

ஒரு பூனைக்கூண்டுக்காக அரபு முதலாளியின் முன் போய் நிற்க அவருக்குத் தைரியம் வரவில்லை. நான் ஊர் திரும்பும்வரை அது பழைய ரேடியேட்டர்களுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது.